நோயாளரைக் காணச் செல்வோரின் கையுறை

பெரியோரையும் குழந்தைகளையும் நோயாளரையும் காணச் செல்லும்போது வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது நம்மவரிடையே வழிவழி வந்த நல்வழக்கமாகும். இவ்வாறு கொண்டு செல்லும் பொருளைப் பழந்தமிழர் கையுறை என்றனர். பொருளின் விலை பெரிதன்று, கொண்டு செல்பவரின் அன்பே பெரிது என்பது அவ்வழக்கத்தின் உட்கருத்து. நமது வைத்தியசாலைகளின் வாயிற்புறத்துக் கடைகளைப் பார்ப்பவர்கள் அவ்வழக்கம் இன்றும் மங்கிவிடவில்லை என்பதை அறிவார்கள். அப்பிளும் தோடம்பழமும் திராட்சைக் குலைகளும், சத்துமா டின்களும், பிஸ்கற் பொதிகளும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நோயாளரைப் பார்வையிடும் நேரம் நெருங்கியதும் அவை பல கைகளில் உள்ளே செல்லும்.

காய்ச்சலுற்றவருக்கும் காலெலும்பு முறிந்தவருக்கும் இப்பொருள்கள் பொருந்தும். சில நாள்களில் அல்லது சில வாரங்களில் அவர்கள் எழுந்து நடமாடுவர். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் நிலையோ வேறு. அவருடைய சிகிச்சை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்வது. நேற்று உண்ண முடிந்ததை இன்று அவரால் உண்ண இயலாது. நேற்று இனித்த மணம் இன்று குமட்டும். ஆதலின், பிறர் அன்போடு கொண்டு செல்லும் பொருள் அவருக்குச் சிலவேளை பயனற்றுப் போகின்றது. சிலவேளை தீங்காகவும் முடிகின்றது. அத்தகையவருக்கு ஏற்ற கையுறையைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

நான்காமவர் யார்?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95 ஆவதாக அமைந்துள்ளது. நோயாளர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர் ஆகிய நால்வகையையும் உடையதே மருத்துவம் என்று அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் வகுத்துரைக்கின்றார். உரை கண்ட பரிமேலழகர் இந்நான்கில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகளைக் கூறுவர். அருகிலிருந்து பணி செய்பவருக்கு அவர் கூறும் இயல்புகள், நோயாளரிடத்து அன்பு, தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்தல், அறிவு என்பன.

நோயாளரைக் காணச் செல்லும் நாமும், அந்தச் சிறு பொழுதுக்கேனும், அந்த நான்காமவராகவே ஆகின்றோம். நம்மிடத்து அன்பு நிறைய உண்டு. ஏனைய மூன்றும் உண்டா என்பதே கேள்வி. கையுறை நல்லதா தீயதா என்பதை அம்மூன்றுமே தீர்மானிக்கின்றன.

சிகிச்சை உடலிற் செய்வது யாது?

கொடுக்கத்தக்கது எது என்று அறிய வேண்டுமாயின், சிகிச்சை உடலில் என்ன செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். புற்றுநோய்க்கான சிகிச்சைகளுள் நெடுங்காலமாக வழங்கி வருவன சத்திர சிகிச்சை, கதிர் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை என்னும் மூன்றுமாம். அண்மைக் காலத்தில் வேறு புதிய மருந்துகளும் வந்துள்ளன. இவற்றுள் மருந்துச் சிகிச்சையே காணச் செல்வோரின் கவனத்துக்கு மிகவும் உரியது.

1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியராகிய சிட்னி பாபர் என்பவர், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு மருந்தைச் செலுத்தி, அந்நோய் சிலகாலம் தணிந்ததைக் கண்டு வெளியிட்டார். அன்று கிடைத்தது சில மாதத் தணிவு மாத்திரமே. இன்றோ, நற்சிகிச்சை கிடைக்குமிடத்துக் குழந்தைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோயில் மிகப் பொதுவான வகையினின்றும் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். புற்றுநோய் என்றதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் நம்மவர் இதனை மனத்தில் இருத்துதல் நன்று.

இம்மருந்துகளுட் பல, விரைவாகப் பெருகும் கலங்களைத் தாக்கி அழிப்பவை. புற்றுநோய்க் கலங்கள் விரைந்து பெருகுவன ஆதலின் அவை அழிகின்றன. ஆனால் நல்லுடலிலும் விரைந்து பெருகும் கலங்கள் உள. மயிரின் வேரில் உள்ளவை ஒரு வகை. வாயிலும் குடலிலும் உட்போர்வையாக அமைந்தவை இன்னொரு வகை. எலும்பினுள்ளே குருதியை ஆக்கும் என்பு மச்சையில் உள்ளவை மூன்றாம் வகை. மருந்து இவற்றையும் வருத்துகின்றது. ஆகவே மயிர் உதிர்கின்றது. வாய் புண்ணாகின்றது, வயிறு குமட்டுகின்றது. குருதியில் வெண்குழியங்கள் குறைந்து, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வலிமை தாழ்கின்றது. இம்மூன்றையும் அறிந்தவர், கையுறை பற்றிய அறிவிற் பெரும்பகுதியைப் பெற்றவராவர்.

மருந்து பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படும். பல மருந்துகளுக்கு, செலுத்திய 7 ஆம் நாளுக்கும் 14 ஆம் நாளுக்கும் இடையிலேயே வெண்குழியங்கள் மிகக் குறைந்திருக்கும். அந்நாள்களிற் சிறிய தடிமனும் பெரிய ஆபத்தாகலாம். ஆதலின் காணச் செல்வோர், "எப்பொழுது வரலாம்?" என்று வீட்டாரிடம் முதலிற் கேட்டறிவதும், தமக்குத் தடிமனோ இருமலோ இருப்பின் செல்லாது நிற்பதும் கடமையாகும். அன்றைக்குப் போகாதிருத்தலே அவர் கொடுக்கும் நற்பரிசு.

கொண்டு செல்லலாகாதவை

முதலாவது, மருத்துவர் அறியாத மருந்து. நம்முடன் பல்லாண்டு கற்பித்த ஆசிரியை ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். உறவினர் ஒருவர் அயலூரிலிருந்து ஒரு போத்தல் மூலிகைக் கசாயம் கொண்டு வந்தார். "இது இலைமருந்துதானே, பிள்ளை. ஒரு தீங்கும் செய்யாது" என்று கூறித் தாமே கரண்டியால் பருக்கினார். மறுக்க இயலாத ஆசிரியை இரு வாரங்கள் அதனைக் குடித்தார். அடுத்த முறை குருதியைச் சோதித்தபோது ஈரல் தாக்கமுற்றிருப்பது தெரிந்தது. கசாயத்தை நிறுத்தும்படி கூறிய மருத்துவர்கள், ஈரல் தேறும்வரை மருந்து செலுத்துவதையும் பின்போட்டனர். உரிய நாளிற் பெறவேண்டிய சிகிச்சை தள்ளிப் போயிற்று. அந்த உறவினர் அன்பில்லாதவர் அல்லர். தம் பயணச் செலவையும் பாராது வந்தவர். அவரிடம் குறைந்திருந்தது அறிவு ஒன்றே.

மூலிகைகளும், சத்து மாத்திரைகளும், செறிந்த மஞ்சட் குளிகைகளும் சிகிச்சை மருந்தின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். கிரேப்புரூட் என்னும் பழமும், அதன் இனத்ததாகிய பம்பளிமாசும், சில மருந்துகளை உடல் சிதைத்து அகற்றும் வழியைத் தடைசெய்து, குருதியில் அம்மருந்தின் அளவை மிகைப்படுத்த வல்லன. பழந்தானே என்று எண்ணிக் கொடுப்பதிலும் இத்தகைய இடர் உண்டு. கோயிலிலிருந்து கொண்டு வரும் விபூதியை நெற்றியில் இடுவதில் தடையில்லை. தீர்த்தத்தையும் பஞ்சாமிர்தத்தையும் உட்கொள்ளக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, தூய்மைக்கு உத்தரவாதமில்லாத உணவு. வீதியோரத்தில் வெட்டி வைத்த அன்னாசியும் மாங்காயும், வேகாத முட்டையும், காய்ச்சாத பாலும், கழுவ அரிதாகிய திராட்சைக் குலையும் வெண்குழியம் குறைந்தவருக்கு ஏற்றனவல்ல. பழம் கொடுக்க விரும்புவோர் வாழைப்பழம், தோடம்பழம் போன்று தோலுரித்து உண்ணத்தக்கவற்றைத் தெரிந்தெடுக்கலாம். அவற்றையும் நன்கு கழுவிய பின்பே உரித்தல் வேண்டும்.

மூன்றாவது, மலரும் நறுமணமும். பூச்சாடியின் நீரிலும் மலரின் இதழ்களிலும் கிருமிகள் வளரக்கூடும் என்பதனால், குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறும் வாட்டுகள் பலவற்றில் மலர்களை அனுமதிப்பதில்லை. வாசனைத் திரவியமும் ஊதுவத்தியும் மணச் சவர்க்காரமும் குமட்டலை உண்டாக்கும். நம் பெண்களுக்கு இதில் இன்னொரு துயரமும் உண்டு. மேலே கூறிய ஆசிரியைக்கு மல்லிகை மிகவும் விருப்பமானது என்பதை அறிந்த தோழி ஒருவர், அதனைச் சரமாகத் தொடுத்துக் கொண்டு சென்றார். மயிர் முழுவதும் உதிர்ந்திருந்த ஆசிரியை அச்சரத்தை வாங்கி மடியில் வைத்துக் கொண்டு, வந்தவர் மனம் நோகாவண்ணம் புன்னகை செய்தார். வந்தவர் சென்ற பின்பே அழுதார் என்று அவருடைய மகள் பின்னர் நமக்குக் கூறினாள்.

நான்காவது, அளவு பார்த்து அணியும் பொருள்கள். சிகிச்சைக் காலத்தில் உடல் மெலியவும் கூடும், சில மருந்துகளாற் பருக்கவும் கூடும். மார்பகச் சத்திர சிகிச்சையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றியிருப்பின், அப்பக்கத்துக் கை வீங்கும் இயல்புடையது. அக்கையில் இறுக்கமான காப்பையோ மணிக்கூட்டுப் பட்டியையோ அணிதல் நன்றன்று.

கொண்டு செல்லத்தக்கவை

இனி, உவந்து கொடுக்கத்தக்க பொருள்களைக் காண்போம். இவற்றுட் பல விலை குறைந்தவை என்பது நடுத்தரக் குடும்பத்தினராகிய நமக்கு ஓர் ஆறுதல்.

வாய்ப்புண் உடையவருக்கு மிக மென்மையான தும்புடைய பற்றூரிகை ஒரு வரப்பிரசாதம். மருந்தினால் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தோன்றும். வெள்ளிரும்புக் கரண்டியால் உண்டால் அது மிகும். அவர்களுக்கு மரக்கரண்டியோ பிளாஸ்ரிக் கரண்டியோ உணவைச் சற்று இனிதாக்கும். உலர்ந்த உதட்டுக்கும் தோலுக்கும் மணமற்ற களிம்பு ஏற்றது. ஆனால் கதிர் சிகிச்சை பெறும் இடத்தில் எதையும் மருத்துவரைக் கேளாது பூசலாகாது.

மயிர் பெரும்பாலும் மருந்து தொடங்கி 2, 3 வாரங்களில் உதிரத் தொடங்கும். சிகிச்சை முடிந்த பின் மீண்டும் வளரும். அதற்கிடையில் தலைக்கு மென்மையான பருத்தித் துணியோ பருத்தித் தொப்பியோ வேண்டும். பட்டும் நைலோனும் வழுக்கும், வியர்க்கும். பலமுறை தோய்த்து மென்மையாகிய பழைய பருத்திச் சேலையிலிருந்து வெட்டித் தைத்தால் மிக நன்று. கை நரம்பிலோ மார்பிலோ மருந்துக் குழாய் பொருத்தியவர்களுக்கு முன்புறம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை வசதியாகும். கதிர் சிகிச்சை பெற்றவரின் தோல் வெயிலைத் தாங்காது. அவருக்கு நல்லதொரு குடை பயன்படும்.

பெருங்குடற் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒக்சாலிபிளாற்றின் என்னும் மருந்து, குளிர்ச்சியைத் தீண்டும்போது கைவிரல்களிலும் தொண்டையிலும் முட்குத்துவது போன்ற உணர்ச்சியை உண்டாக்கும். அவருக்குக் குளிர்பானமும் ஐஸ்கிறீமும் வேதனையைத் தரும். இளஞ்சூட்டு நீர் வைத்திருக்கும் பிளாஸ்க் ஒன்றும், குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது கைக்கு அணியும் உறையும் அவருக்கு ஏற்ற பரிசுகள். இங்கே கையுறை என்னும் சொல் பழம்பொருளிலும் புதுப்பொருளிலும் ஒருங்கே பொருந்துகின்றது.

வீட்டில் இருந்து சிகிச்சைக்குச் சென்று வருபவர் அனைவருக்கும் தேவையான பொருள் உடல்வெப்பமானி. மருந்துச் சிகிச்சை பெறுபவருக்கு உடல் வெப்பம் 38 பாகை செல்சியசு, அதாவது 100.4 பாகை பரனைற் அளவை எட்டுமாயின், விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். பனடோல் ஒன்றை விழுங்கிவிட்டுப் படுப்பதால் உயிருக்கே இடர் நேரலாம். இச்செய்தியை ஒரு தாளில் எழுதி, வெப்பமானியுடன் சேர்த்துக் கொடுப்பவர் ஓர் உயிரைக் காத்தவராகவும் ஆகலாம்.

தடித்த அட்டையுடைய குறிப்புப் புத்தகம் ஒன்றும் நல்ல பரிசே. மருந்து செலுத்திய நாள், அன்று உண்டது, வாந்தி, வலி, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஆகியவற்றை எழுதி வைத்தால், கிளினிக்கிற் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகா. வாசிக்க விரும்புவோருக்குச் சிறுகதைத் தொகுப்புகளே ஏற்றவை. நீண்ட நாவலைத் தொடர்ந்து படிக்கும் மனவொருமை அக்காலத்திற் பலருக்கு வாய்ப்பதில்லை.

உணவு கொடுப்போர் கவனத்துக்கு

நம் வீட்டுப் பெண்கள் அன்பைக் காட்டும் வழி சமையல். அது தடுக்கப்பட வேண்டியதன்று, நெறிப்படுத்தப்பட வேண்டியது. முதலில் நோயாளரிடமே, "இன்றைக்கு எது வாய்க்குப் பிடிக்கும்?" என்று கேட்டல் வேண்டும். வாய்ப்புண் உள்ளபோது மிளகாயும் புளியும் எலுமிச்சையும் எரிச்சலைத் தரும். வறண்ட பிட்டும் முறுக்கும் உறுத்தும். குழையக் காய்ச்சிய கஞ்சி, பாற்சொதியில் ஊறிய இடியப்பம், நன்கு அவித்து மசித்த பருப்பு, முற்றாக வெந்த முட்டை, முள் நீக்கி அவித்த மீன் ஆகியன எளிதில் இறங்கும். கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கும் உணவின் மணம் குமட்டலைத் தூண்டும். சூடு தணிந்ததில் மணம் குறைவு. சமைத்த உணவை நெடுநேரம் வெளியில் வைத்திராது கொண்டு செல்லல் வேண்டும்.

அளவு சிறிதாக இருக்கட்டும். நிறைந்த கோப்பையைக் கண்டவுடனேயே சோர்வடையும் நோயாளர், சிறு கிண்ணத்தில் உள்ளதை முழுவதும் உண்பர். "கொஞ்சமாவது சாப்பிடுங்கோ" என்று கட்டாயப்படுத்துதல் கூடாது. பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பும் வேலையையும் அவ்வீட்டாருக்கு வையாதீர்கள். "பாத்திரம் உங்களிடமே இருக்கட்டும்" என்னும் ஒரு சொல்லும் அன்பளிப்பின் பகுதியே.

அவ்வீட்டில் நோயாளர் மாத்திரமன்றி, அவரைப் பார்ப்பவரும் பிள்ளைகளும் உளர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். நோயாளருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டு செல்பவர், அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேளைச் சோறும் கறியும் கொண்டு செல்வாராயின் அந்த வீடே இளைப்பாறும்.

கையாற் கொடுப்பதினும் கையாற் செய்வது

பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது எளிது. பொழுதைக் கொடுப்பது அரிது. சிகிச்சையினால் உண்டாகும் சோர்வு உறங்கி எழுந்தாலும் நீங்காத ஒன்று. கிணற்றில் நீர் அள்ளுவதும், முற்றம் கூட்டுவதும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதும் அவருக்கு மலைபோல் தோன்றும். இவற்றில் ஒன்றை ஏற்றுக்கொள்வதே தலைசிறந்த கையுறையாகும்.

ஆனால், "ஏதும் தேவையென்றால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கூறிப் பயனில்லை. நம்மவர் உதவி கேட்க நாணுபவர். "சனிக்கிழமை காலையில் வந்து உடுப்புகளைத் தோய்த்துத் தருகின்றேன்", "கிளினிக் நாளில் மகனை நான் பாடசாலையிலிருந்து கூட்டி வருகின்றேன்" என்று நாளும் வேலையும் குறித்துச் சொல்ல வேண்டும். சொன்னவாறு செய்யவும் வேண்டும். உரையாசிரியர் கூறிய மூன்றாம் இயல்பு இதுவே. நமது ஆசிரியையின் அயல் வீட்டுப் பெண் ஒருவர், பெரிதும் படித்தவர் அல்லர். ஆறு மாதம் தவறாது செவ்வாய்க்கிழமைதோறும் வந்து மீன் வாங்கி வெட்டிக் கறிவைத்துக் கொடுத்துச் சென்றார். முதல் மாதத்தில் வீடு நிறைய வந்தவர்களின் சத்துமா டின்கள் அலுமாரியிற் காலாவதியாகிக் கிடந்தன. மூன்றாம் மாதத்தில் அவ்வீட்டுப் படலையைத் திறந்தவர் அந்தப் பெண் ஒருவரே.

ஆதலின் உறவினரும் நண்பரும் கூடி ஒரு முறை வகுத்துக் கொள்ளல் நன்று. அனைவரும் முதல் வாரத்தில் திரண்டு செல்லாது, வாரத்துக்கு இருவராகச் சென்றால், ஆறு மாதத்துக்கும் துணை கிடைக்கும். சிகிச்சை முடிந்த பின்னரும் ஒருமுறை செல்லுங்கள். "இனிச் சுகந்தானே" என்று எல்லாரும் விலகும் அக்காலத்திலேதான், நோய் திரும்புமோ என்னும் அச்சம் பலரை வருத்துகின்றது.

பயணமும் பணமும்

நமது அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை என்பது நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு. எனினும் பஸ் கட்டணமும், உடன் செல்பவரின் உணவும் தங்குமிடமும், இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பளைக்கும், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மகரகமைக்கும் மாதந்தோறும் சென்று வரும் ஏழைக் குடும்பம், பயணச் செலவாலேயே சோர்ந்து போவதுண்டு. சிலர் சிகிச்சையை இடையில் நிறுத்துவதற்கும் அதுவே காரணமாகின்றது. ஒரு முறைப் பயணத்துக்கு வாகனம் ஒழுங்கு செய்து கொடுப்பது, தங்க ஓர் அறை கொடுப்பது, பணத்தை உறையிலிட்டுக் குடும்பத்தவர் ஒருவரிடம் தனியே கொடுப்பது ஆகியவை பழக்கூடையினும் பன்மடங்கு பயனுடையவை. கொடுத்ததைப் பிறரிடம் கூறாதிருத்தல் அவர்களின் மானத்தைக் காக்கும்.

அறிமுகமில்லாதோர் ஒன்றுகூடிக் கொடுத்த கையுறைக்கும் நம் நாட்டில் நல்ல உதாரணம் உண்டு. 2011 ஆம் ஆண்டில், தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை மக்கள் பலர் நடந்து, வடபகுதிக்கு ஒரு புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக நிதி திரட்டினார்கள். அதன் பயனாக எழுந்த தெல்லிப்பளை வைத்தியசாலை 2013 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் அந்நடை திசை மாறி, வடக்கிலிருந்து தெற்கு நோக்கி, காலியிலுள்ள கராப்பிட்டிய வைத்தியசாலையின் பொருட்டு நடைபெற்றது. மொழியும் ஊரும் பாராத கொடை இது.

மாணவர்களும் பங்குகொள்ளக்கூடிய கொடை ஒன்றுண்டு. அது குருதி. மருந்தினால் என்பு மச்சை தளர்ந்தவர்களுக்குக் குருதியும், குருதி உறைய உதவும் சிறுதட்டுகளும் ஏற்ற வேண்டி வரும். சேமித்து வைத்த சிறுதட்டுகள் 5 நாள் அளவுக்கே பயன்படும். ஆகவே இடையறாது கொடையாளர் தேவை. 18 வயது நிரம்பிய, உடல்நலமுள்ள மாணவர் ஒருவர் குருதிவங்கிக்குச் சென்றால், தாம் ஒருபோதும் காணாத ஒருவருக்கு விலையில்லாத கையுறையைக் கொடுத்தவராவர். வயது குறைந்தவர்கள், நோயுற்ற வகுப்புத் தோழனுக்குத் தினந்தோறும் பாடக்குறிப்புகளைப் பிரதி செய்து கொடுக்கலாம். அவன் திரும்பி வரும் நாளைத் தாம் எதிர்பார்த்திருப்பதை அதனினும் தெளிவாகக் கூறும் பரிசு வேறில்லை.

சொல்லும் ஒரு கையுறை

இறுதியாக, நாம் கொண்டு செல்லும் சொற்களைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். புற்றுநோய் தொட்டாற் பரவும் நோயன்று. கூட இருந்து உண்பதாலும் ஒரே கோப்பையிற் பருகுவதாலும் அது வாராது. அவ்வாறிருந்தும் வந்த வீட்டில் தேநீரை வாங்கிக் குடியாது வைத்துவிட்டுச் செல்வோர் இன்னும் உளர். குடியாத அந்தத் தேநீரை நோயாளர் நெடுநாள் மறப்பதில்லை. அவர்கள் வீட்டில் ஒரு கோப்பை தேநீரை அமைதியாகப் பருகி எழுவதும் ஒரு தானமே.

"எங்கள் மாமிக்கும் இந்த வருத்தந்தான், ஆறு மாதம் இருந்தார்" என்னும் கதைகளை வாசலிலேயே விட்டுச் செல்லுங்கள். என்ன வினையோ என்று ஆராய்வதும், எப்படி மெலிந்துவிட்டீர்கள் என்று வியப்பதும் வேண்டா. நோயைப் பற்றிப் பேச அவர் விரும்பினால் செவிகொடுங்கள். விரும்பாவிடின் ஊர்ப் புதினமும், பாடசாலைப் போட்டியும், மாமரம் பூத்த செய்தியும் பேசுங்கள். நோயாளர் என்னும் பெயரிலிருந்து அரைமணி நேரம் விடுதலை பெறுதல் அவருக்குப் பெரும் ஓய்வு. அரைமணிக்கு மேல் இராது விடைபெறுதல் அதனினும் நன்று.

ஆகவே அன்பர்களே, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் ஒருவரைக் காண நீங்கள் புறப்படும்போது மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். இப்பொருள் அவர் உடலுக்குத் தீங்கற்றதா? அவ்வீட்டாரின் சுமையை இது குறைக்குமா, கூட்டுமா? இன்று கொடுப்பதை அடுத்த மாதமும் கொடுக்க நம்மால் இயலுமா? இவற்றுக்குத் தக்க விடை காண்பவர், ஒரு பற்றூரிகையைக் கொண்டு சென்றாலும், ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொண்டு சென்றாலும், வள்ளுவர் கண்ட மருத்துவத்தில் நான்காமவராக நிற்பர். மருத்துவரும் மருந்தும் தம் கடமையைச் செய்கின்றனர். நோயாளரும் இயன்றவரை பொறுத்துக் கொள்கின்றார். எஞ்சியிருப்பது நம் பங்கு.